கூட்டை விட்டு நழுவிய சந்திரகாந்தக் கல்: ஒரு கம்பி டாலரின் நிகழ்வு ஆய்வு

கல் ஒரு சின்ன டப்பாவில், கம்பிக் கூடு ஒரு காகித உறையில். அந்த டாலர் என்னிடம் இப்படித்தான் திரும்பி வந்தது.

வாங்கியவர் கோயம்புத்தூரில் ஆசிரியை. ஆறு வாரமாகத் தினமும் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஒரு நாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் கூடு மட்டும் தொங்குகிறது. கல், நல்லவேளை, சேலை மடிப்பில் சிக்கிக் கிடந்திருக்கிறது. கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "கல்லைத் தொலைக்காம கொண்டுவந்துட்டேன், நீங்க பார்த்துச் சரிபண்ணிக் குடுங்க" என்றார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அதே கல்தான் வேண்டும் என்றார்.

அவர் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. அது காங்கேயத்தில் பட்டை தீட்டிய சந்திரகாந்தக் கல். கடைகளில் மூன்ஸ்டோன் என்பார்கள். இலங்கையில் மீட்டியாகொடைப் பக்கம் எடுக்கும் சந்திரகாந்தத்தில் நீல ஒளி ஓடும். காங்கேயத்துக் கல்லில் பழுப்பு, சாம்பல், பச்சை, வெளிர் செம்மஞ்சள் என்று பல நிறம் உண்டு. ஆசிரியையின் கல் வெளிர் செம்மஞ்சள். வெயிலில் லேசாகத் திருப்பினால் நடுவில் பால் கோடு போல ஒரு வெளிச்சம் நகரும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வருத்தமாக இருந்தது. கல் உருவாக எத்தனையோ யுகம் ஆகியிருக்கும், அதைப் பிடித்து வைக்கும் பொறுப்பு மட்டும்தான் என்னுடையது.

எப்படிச் செய்திருந்தேன்

திருப்பூரில் எட்டு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். அதை விட்ட பிறகு வீட்டிலிருந்தே கம்பி நகை செய்கிறேன், இது நாலாவது வருடம். முதல் இரண்டு வருடம் எல்லாமே துளை போட்ட மணிகள்தான். மணிக்குள் கம்பியை விட்டு, மேலே ஒரு வளையம் போட்டு, மிச்சக் கம்பியை வளையத்தின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றினால் முடிந்தது. காதணி, கொலுசு மணி, சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் அது போதும்.

துளை என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது தெரியவில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லை கொடுமணல். நொய்யல் கரையில் அங்கே நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், படிகம், பச்சைக்கல் என்று பல கற்களில் மணிகள் கிடைத்தன. முடிந்தவையும் பாதியில் நின்றவையும் சேர்ந்தே கிடைத்ததால், மணி வேலை அந்த ஊரிலேயே நடந்தது தெளிவு. பதிற்றுப்பத்தில் கொடுமணத்து அருங்கலன்களைப் பற்றி வருகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தக் கைகள் கடினமான கல்லில் அவ்வளவு நுணுக்கமாகத் துளை போட்டன. துளை விழுந்த கல்லை ஒரு நூல் தாங்கிக்கொள்ளும். ஆனால் முகப்பு குவிந்து, அடி தட்டையாக, துளையே இல்லாமல் வரும் கபோஷான் கல்லுக்கு உள்ளே பிடிமானம் கிடையாது. சுற்றி நின்று வெளியிலிருந்துதான் பிடிக்க வேண்டும். சூடு, பசை, பற்றவைப்பு எதுவும் இல்லாமல் கம்பியை மட்டும் வைத்து அதைச் செய்வதுதான் கம்பிக்கட்டு வேலையின் அழகு, கஷ்டமும் அதுவே.

இந்த டாலர் நான் பின்னல் கூடு முறையில் செய்த முதல் வரிசையில் ஒன்று. ஒரு அமெரிக்கக் கலைஞரின் காணொளியைப் பார்த்துக் கற்றேன். இரண்டு தடித்த கம்பிகளைத் தண்டவாளம் போல இணையாக வைத்து, மெல்லிய கம்பியை எட்டு வடிவில் அவற்றின் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போனால் ஒரு பட்டை கிடைக்கும். அந்தப் பட்டையைக் கல்லின் விளிம்பைச் சுற்றி வளைத்து, மேலே இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டி, செயின் கோக்கும் வளையம் செய்ய வேண்டும். மிஞ்சிய கம்பி நுனியை முகப்பில் கொடி மாதிரி சுருட்டி விட்டால் அதுவும் கல்லை அமுக்கிப் பிடிக்கும். தண்டவாளத்துக்கு 20 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்), பின்னலுக்கு 28 கேஜ், கல் 30-க்கு 22 மி.மீ., இத்தனை சுற்று என்று எல்லாம் எண்ணோடு சொல்லியிருந்தார். எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. அப்படியே எண்ணிச் செய்தேன். கம்பி, மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்கு வாங்கியது. பளபளவென்று செம்பு நிறம், வேண்டிய கேஜ் எல்லாம் அங்கே கிடைக்கும்.

மேசையில் பிரித்தபோது

கூட்டைச் சரிசெய்து உடனே அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பக்கக் கொடியை இன்னும் கொஞ்சம் அமுக்கினால் போதும் போலத் தோன்றியது. அப்புறம், எதனால் விழுந்தது என்றே தெரியாமல் எதைச் சரிசெய்வது என்று கையை நிறுத்திவிட்டேன். நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

முதலில் கல்லைத் திரும்பவும் கூட்டில் வைத்து, பின்னாலிருந்து கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். டாலரைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் செயின் வளையம் 12 மணி. கல் வெளியே வந்தது ஏழு மணிப் பக்கம். மறுபடி வைத்து அழுத்தினாலும் அதே பக்கம். பத்து முறை செய்ததில் ஒன்பது முறை ஏழு மணிதான். ஆக, கூடு மொத்தமாகத் தளரவில்லை, ஒரு இடத்தில் வாசல் திறந்திருக்கிறது.

கல்லை வெர்னியரில், அதாவது மி.மீ.-ஐயும் பிரித்துக் காட்டும் அளவுகோலில், அளந்தேன். நீளமும் அகலமும் காணொளியில் சொன்னதற்கு அரை மி.மீ. முன்பின்னாகச் சரியாக இருந்தன. விளிம்பின் உயரம்தான் வித்தியாசம். கல்லின் மிக அகலமான இடத்தில் சுற்றிவரும் அந்த விளிம்பை நான் இடுப்பு என்று சொல்வேன். ஒரு மணிப் பக்கம் இடுப்பு 2 மி.மீ. உயரத்துக்கு நேராக நின்றது. ஏழு மணிப் பக்கம் அரை மி.மீ.கூட இல்லை, கத்தி முனை போலச் சரிந்து போயிருந்தது. காங்கேயத்தில் கையால் தீட்டும் கல் இப்படித்தான் வரும். கல்லின் ஒளி நன்றாக விழும் பக்கம் பார்த்து, எடை வீணாகாமல் தீட்டுவார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இயந்திரத்தில் வெட்டிய கல்லுக்காகச் சொன்ன கணக்கை இந்தக் கல்லுக்குப் போட்டது நான்தான். பட்டையின் அகலம் சுற்றிலும் ஒரே மாதிரி இரண்டரை மி.மீ. ஒரு மணியில் அது கல்லைக் கவ்வியது. ஏழு மணியில் முன்கம்பி கல்லைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. முகப்பில் போட்ட கொடியாவது அங்கே வந்ததா என்றால், அது பதினொன்றில் ஏறி நாலில் இறங்கிவிட்டது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. ஆனால் கூட்டை மெல்லப் பிரிக்கும்போது இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, கழுத்துப் பகுதி. கல்லின் சுற்றளவு சுமார் 82 மி.மீ. பட்டை அதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் போல நீளமாக இருந்தது. செய்யும்போதே இது தெரியும். மிஞ்சியதை மேலே சேர்த்துக் கட்டிவிட்டேன், பார்ப்பதற்கும் அழகாகத்தான் இருந்தது. ஏன் மிஞ்சியது என்று கேட்கவில்லை. இப்போது கம்பியை வெர்னியரில் வைத்தேன். 28 என்று வாங்கிய கம்பி 0.37 மி.மீ. காட்டியது. காணொளிக்காரரின் 28 கேஜ் 0.32 மி.மீ.

கேஜ் எண்ணில் இரண்டு கணக்கு உண்டு என்பதை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1857-ல் பிரவுன் அண்ட் ஷார்ப் வகுத்த அளவு ஒன்று, ஏ.டபிள்யூ.ஜி. என்பது அது. பிரிட்டனில் 1884 முதல் சட்டப்படி நடப்புக்கு வந்த அளவு இன்னொன்று, எஸ்.டபிள்யூ.ஜி. நம் ஊர் காயில் கடைகளில் கேஜ் என்றால் இரண்டாவது. 20 கேஜ் என்பது அமெரிக்கக் கணக்கில் 0.81 மி.மீ., பிரிட்டன் கணக்கில் 0.91 மி.மீ. பத்தில் ஒரு மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றும். கம்பியின் விறைப்போ தடிமனின் நாலாம் அடுக்கில் ஏறுகிறது. 0.81-ஐ வளைக்க வேண்டிய பலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் 0.91 கேட்கும். பின்னல் கம்பி ஆறில் ஒரு பங்கு தடிமன் கூடியதால், அதே எண்ணிக்கைச் சுற்றில் பட்டையும் ஆறில் ஒரு பங்கு நீண்டுவிட்டது. மிஞ்சிய ஒன்றரை சென்டிமீட்டருக்கு அதுதான் விளக்கம்.

இன்னொன்று, பின்னல் வழுக்கியது. நகத்தால் தள்ளினால் சுற்றுகள் தண்டவாளத்தின் மேல் நகர்ந்தன. காயில் கம்பி மேல் எனாமல் பூச்சு இருக்கும், மின்சாரம் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாவாமல் இருப்பதற்காக. அதன் மேல் செம்பு செம்பைக் கவ்வாது. இதற்கு ஒரு அடையாளம் எனக்கு முன்பே கிடைத்திருந்தது. செம்பு நகையைக் கறுக்க வைக்க நான் அவித்த முட்டை வைப்பேன். சூடாக இரண்டாக வெட்டி, நகையோடு மூடிய டப்பாவில் போட்டால் மஞ்சள் கருவிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் செம்பை அடர் பழுப்பாக்கும். இந்தக் கம்பி ராத்திரி முழுக்க வைத்தும் கறுக்கவில்லை. நல்ல கம்பி, பளபளப்பு மங்காது என்று சந்தோஷப்பட்டேன். கம்பி ஏன் கறுக்கவில்லை என்று அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கல் விழுந்திருக்காது.

காயில் கம்பி வளைந்து கொடுக்க வேண்டும் என்பதால் அதை முழுதாக இளக்கித்தான், அதாவது சூடுகாட்டி மென்மையாக்கித்தான், விற்பார்கள். அதனால் என் கூட்டில் கம்பி தடிமனாக இருந்தது, அதே சமயம் வளைத்த பக்கம் வளைந்து அப்படியே நிற்கும் அளவுக்கு இளக்கமாகவும் இருந்தது. ஆறு வாரம் மேசை விளிம்பில் இடித்து, பின்னில் மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை விரிந்திருக்கும். இளகிய செம்பு திரும்பி வராது.

ஆசாரியிடம் போனது

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நகை ஆசாரி இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். இப்போது பெரும்பாலும் பழைய கொலுசுக்குக் கண்ணி மாற்றுவதும், அறுந்த செயினைப் பற்றவைப்பதும்தான் வேலை. என் கூட்டை வாங்கி ஒரு நிமிஷம் கையில் உருட்டிப் பார்த்தார்.

"பின்னல் நல்லா வந்திருக்குது அம்மிணி. கம்பிதான் உங்களுது இல்ல."

"காசு குடுத்து வாங்குனதுதானுங்க அய்யா."

"வாங்குனா உங்களுது ஆயிருமா? எத்தனை பதத்துல இருக்குதுன்னு தெரியோணுமல்ல."

அவரிடம் இருந்த கம்பியச்சை அன்றைக்குத்தான் கையில் தொட்டேன். உள்ளங்கையைவிட நீளமான எஃகுத் தகடு, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். கம்பியின் நுனியை அரத்தில் தேய்த்துக் கூராக்கி, துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும். கம்பி மேல் தேன்மெழுகு தடவிக்கொண்டார். கேஜ் எண் பெரிதாகப் பெரிதாகக் கம்பி ஏன் மெலிகிறது என்பது எனக்குப் பல நாள் சந்தேகம். எத்தனை தடவை துளையில் இழுத்தது என்ற கணக்கிலிருந்துதான் பழைய கேஜ் எண்கள் பிறந்தன. அதிகம் இழுத்தது மெல்லிசு, அதனால் பெரிய எண்.

பழைய வீட்டு வயரிங்கில் கழற்றிய ஒற்றைக் கம்பி வயர் எடுத்துப் போயிருந்தேன். ஒரு சதுர மி.மீ. வயர். மேல் உறையை உரித்தால் உள்ளே எனாமல் இல்லாத சுத்தச் செம்பு, 1.13 மி.மீ. தடிமன். அதை 0.8 வரை இழுத்தால் நீளம் இரட்டிப்பாகும். ஒரு மீட்டர் போட்டு இரண்டு மீட்டர் எடுத்தோம். மூன்றாவது துளையில் கை வலிக்க ஆரம்பித்தது, கம்பி முறுக்கிக்கொண்டு முரண்டு பிடித்தது.

"கம்பி அலுத்துப் போச்சுங்க அம்மிணி. இனி இழுத்தா அறும். காய்ச்சோணும்."

இளக்குவதைக் காய்ச்சுவது என்கிறார். கம்பியைச் சுருளாகச் சுற்றிக் கட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டு, தணலில் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் செம்பின் முதல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது சூடு மிஞ்சியிருக்கும். இருட்டில் மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் போட்டார், கம்பி கறுத்து வந்தது. புளித்தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்விடும், வீட்டில் செம்புக் குடம் விளக்குகிற அதே முறை. கையில் எடுத்தால் நூல் மாதிரி தொங்கியது. திரும்ப இழுக்க இழுக்க முறுக்கு, அதாவது விறைப்பு, ஏறியது.

அன்று மாலை நான் கற்றது இதுதான். பதம் என்பது கடையில் கேட்டு வாங்கும் பொருள் இல்லை, எந்தத் துளையில் கடைசியாகக் காய்ச்சுகிறோம் என்பதில் நாமே வைப்பது. 1 மி.மீ.-இல் கடைசியாகக் காய்ச்சிவிட்டு, பிறகு காய்ச்சாமல் 0.8-க்கு இறக்கினோம். ஹாஃப் ஹார்ட், அதாவது பாதி விறைப்பு, என்று விற்கும் பதம் ஏறக்குறைய அதுதான். வளைத்தால் வளையும், விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். இன்னொரு துண்டை 0.8-க்கு இறக்கியபின் காய்ச்சி, முழு இளக்கமாக வைத்துக்கொண்டோம்.

இதைப் படித்துவிட்டு யாராவது காயில் கம்பியை வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பார்க்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். எனாமல் எரிந்து வரும் புகை மூச்சுக்குக் கெடுதல். வயரின் பிளாஸ்டிக் உறையையும் அப்படித்தான், கத்தியால் உரிக்க வேண்டும், கொளுத்தக் கூடாது.

உடைந்த கல்

புதுக் கம்பி கையில் வந்ததும் அவசரப்பட்டேன். ஆசிரியையின் கல்லில் கைவைக்கவில்லை. காங்கேயத்தில் வாங்கி வைத்திருந்த இன்னொரு சந்திரகாந்தக் கல்லை எடுத்தேன். இரண்டு தண்டவாளமும் முறுக்கேறிய கம்பியிலேயே செய்து, கூட்டில் கல்லை உட்காரவைத்து, முன்கம்பியை நாலு இடத்தில் குறட்டால் உள்பக்கம் தள்ளி அமுக்கினேன். மூன்று இடம் நன்றாக வந்தது. நாலாவதில் டிக் என்று ஒரு சத்தம். கல்லுக்குள் குறுக்கே ஒரு கோடு, கண்ணாடியில் விழுந்த விரிசல் போலப் பளிச்சென்று தெரிந்தது.

சந்திரகாந்தம் ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமம். ஆர்த்தோகிளேசும் ஆல்பைட்டும் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறி இருப்பதால்தான் உள்ளே அந்த ஒளி நகர்கிறது. கடினம் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரை, குவார்ட்ஸ் 7. கடினத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஃபெல்ட்ஸ்பாருக்கு ஏறக்குறைய செங்குத்தாக இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. அந்தத் திசையில் ஒரு புள்ளியில் அழுத்தம் விழுந்தால் விறகு போலப் பிளந்துவிடும். செவ்வந்திக் கல்லோ சூதுபவளமோ அதே குறட்டு அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆக, இளகிய கம்பி கல்லைக் காப்பாற்றும், ஆனால் விரிந்துகொடுக்கும். முறுகிய கம்பி பிடிக்கும், ஆனால் கல்லை உடைக்கும். இரண்டு நாள் இதிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். சதுரக் கம்பிகளைக் கட்டாக வைத்து அரைவட்டக் கம்பியால் கட்டும் பழைய முறையும் செய்து பார்த்தேன். அது உறுதியானது, நேர்த்தியானது, ஆனால் கடைசியில் அதிலும் கம்பியைக் கல்லின் மேல் மடித்துத்தான் ஆக வேண்டும்.

காகித நாடா

வழி கிடைத்தது பனியன் கம்பெனி நினைவிலிருந்து. உடம்பு இல்லாமலேயே உடம்புக்குத் துணி வெட்டுவதுதான் பேட்டர்ன் வேலை. உடம்பின் வளைவைத் தட்டையான காகிதத்தில் எடுத்து, தையலை முடித்து, பிறகுதான் உடம்பு உள்ளே போகும். கல்லுக்கு மட்டும் ஏன் கல்லை வைத்துக்கொண்டே தைக்கிறேன்?

ஒரு சென்டிமீட்டர் அகலக் காகித நாடாவைக் கல்லின் இடுப்பைச் சுற்றி ஒட்டினேன். இடுப்பின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கூரான பென்சிலால் கோடு போட்டுவிட்டு நாடாவை உரித்து விரித்தால், கல்லின் பக்கவாட்டு முகம் அப்படியே காகிதத்தில் கிடந்தது: ஒரு பக்கம் அகலம், ஏழு மணி வரும் இடத்தில் இடுங்கி, மறுபடி விரியும் ஓடை மாதிரி. பட்டையை அந்தக் காகிதத்தின் மேல் வைத்தே பின்னினேன். தண்டவாளங்கள் அகலும் இடத்தில் அகல விட்டேன், நெருங்கும் இடத்தில் நெருக்கினேன். எட்டு வடிவப் பின்னல் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும், சுற்றின் இறுக்கத்தை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை சுற்றுகளை எண்ணவில்லை. நாடா முடிந்த இடத்தில் பின்னல் முடிந்தது. பின்னல் கம்பி பூச்சில்லாத 0.32 மி.மீ. செம்பு. கடையிலேயே வெர்னியரை எடுத்துப் போய் அளந்துதான் வாங்கினேன்.

அடுத்து கல்லுக்கு ஒரு நகல். குளியல் சோப்பில் கல்லை முகப்புக் கீழாக அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுகிறது. அதில் துளி எண்ணெய் தடவி, எம்-சீல் பிசைந்து அடைத்து, மறுநாள் எடுத்துத் தாள் போட்டுத் தேய்த்து, வெர்னியரில் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். மூன்று நகல் வீணாயிற்று, நாலாவது சரியாக வந்தது. கூட்டை முழுக்க இந்த நகலின் மேல்தான் வளைத்தேன். பின்தண்டவாளத்துக்கு முறுகிய கம்பி, முன்தண்டவாளத்துக்கு இளகிய கம்பி. முன்கம்பியை நகலின் குவிவோடு படியும்படி மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினேன். உடையக் கல் இல்லாததால் பயமில்லாமல் தட்ட முடிந்தது. தட்டத் தட்ட இளகிய கம்பியும் தன் இடத்திலேயே முறுக்கேறி நின்றுவிட்டது. ஒன்று, ஐந்து, ஏழு, பதினொன்று ஆகிய நாலு மணிகளில் முன்கம்பி அரை மி.மீ. போல உள்ளே வரும்படி செய்தேன். பிடிப்புகள் எதிரெதிராக இருந்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்ப்பக்கத்துப் பிடிப்பு கல்லை நிறுத்தும்.

கழுத்தை மட்டும் கட்டாமல் விட்டேன். நகலை மேல் வழியாக உருவி எடுத்து, முட்டைப் புகையில் கூட்டைக் கறுக்கவிட்டு, நயமான இரும்பு நாரால் மேடுகளை மட்டும் தேய்த்தேன். (கல் வைத்தபின் இதைச் செய்வதை நான் விட்டுவிட்டேன். முத்து, ஓபல், டர்க்கைஸ் போன்றவை கந்தகத்தில் கெட்டுப்போகும், ஒரே பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.) அப்புறம் கழுத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பட்டையை, அதாவது தோள் இரண்டையும், லேசாக விரித்து, கடிதத்தை உறைக்குள் இறக்குவது போல ஆசிரியையின் கல்லை மேலிருந்து உள்ளே விட்டேன். ஏழு மணியில் போய் உட்கார்ந்தது. தோளை விட்டதும் பின்கம்பி தானாகத் திரும்பி மூடிக்கொண்டது. கழுத்தை நெருக்கிச் சுற்றிக் கட்டினேன். பலம் முழுவதும் கழுத்துக் கம்பியில்தான் விழுந்தது. எந்தக் குறடும் கல்லைத் தொடவில்லை.

சில்லு பெயர்ந்த ஓரம் ஐந்து மணிப் பிடிப்பின் அடியில் மறைந்துவிட்டது. அது திட்டம் போட்டுச் செய்ததல்ல, அமைந்தது.

திருப்பிக் கொடுக்கும் முன் மூன்று வாரம் நானே போட்டுக்கொண்டேன். துணி துவைக்கும்போதும், தண்ணீர்க் குடம் எடுக்கும்போதும், ஸ்கூட்டியில் போகும்போதும் கழற்றவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே கட்டைவிரல் சோதனை, பின்னாலிருந்து பத்து முறை. கல் அசையவில்லை. இரண்டாவது வாரம் கழுத்துச் சுற்றின் நுனி ஒன்று துப்பட்டாவில் இழுத்தது. நுனியை அரத்தால் மழுக்கி உள்ளே மடக்கினேன். செம்பு வியர்வை பட்டுத் தோலில் பச்சையாக ஒட்டாமல் இருக்கப் பின்பக்கம் மெழுகு பூசினேன். அது நிரந்தரம் இல்லை, மாதம் ஒரு முறை பூசிக்கொள்ளும்படி ஆசிரியையிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

பழைய டாலரை நாலு மணி நேரத்தில் முடித்தேன். இது கம்பி இழுத்தது, நகல் காய்ந்தது எல்லாம் சேர்த்து மூன்று நாள். விலையும் அதற்கேற்ப ஏறும், வேறு வழியில்லை. எல்லாக் கல்லுக்கும் இவ்வளவு தேவையில்லை என்பதும் உண்மை. ஒரே அளவாக வெட்டிய அகேட்டுக்கு நகல் செய்வதில்லை. காகித நாடா மட்டும் எல்லாக் கல்லுக்கும் எடுக்கிறேன், அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

வெளியே இருந்த ஆறு

ஆசிரியையின் டாலரோடு சேர்த்து அதே காயில் கம்பியில், அதே எண்ணிக்கையில் செய்தவை ஏழு. மற்ற ஆறும் யாரோ ஒருவர் கழுத்தில் இருந்தன. காரணம் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. விற்பனை நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராக ஃபோன் செய்தேன். உங்கள் டாலரில் ஒரு குறை இருக்கலாம், அனுப்பினால் செலவில்லாமல் திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். நாலு பேர் அனுப்பினார்கள். அவற்றில் இரண்டில் கல் உறுதியாகவே இருந்தது, இடுப்பு ஒரே சீராக இருந்த கற்கள். ஒன்று கட்டைவிரலை வைத்ததுமே நகர்ந்தது. நாலாவதில் முன்கொடி விரிந்திருந்தது, இன்னும் சில வாரம் போயிருந்தால் விழுந்திருக்கும். நாலையும் பிரித்துப் புதுக் கம்பியில் செய்தேன். ஐந்தாவது அம்மா, அது மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, கையை விட்டு அனுப்ப மாட்டேன் என்றார். அவர் வீட்டுக்கே குறடும் கம்பியும் எடுத்துப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, ஏழு மணிப் பக்கம் ஒரு பிடிப்புக் கூடுதலாகப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆறாவது, ஈரோட்டில் ஒரு கண்காட்சி மேசையில் விற்றது. பச்சை நிறக் கல். நோட்டில் இருக்கும் எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அதற்கான கம்பியை இழுத்து, காய்ச்சி, சுருட்டித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.